பெருநாளுக்கு முன் வீடு கழுவும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்க அத்தைக்கு முட்டி வலி, இந்தச் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு வீடு சுத்தம் செய்வது உன் தலையில் என்று சொன்னாய். துடைக்கவும் கழுவவும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதை எப்போது தொடலாம் என்பதில்தான் புது மருமகள்கள் மாட்டிக்கொள்வது.

2026இல் பெருநாள் பிப்ரவரி 17. சீனக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இந்த முறை 29 நாள்தான். முப்பது என்று நினைத்துப் பின்னோக்கி எண்ணினால் ஒரு நாள் தவறிவிடும். 24ஆம் நாள், அதாவது பிப்ரவரி 11 காலையிலேயே, பினாங்கில் ஹொக்கியன் பேசும் சீனர் வீடுகளில் சாமிகளை மேலுலகத்துக்கு வழியனுப்புவார்கள். வீட்டு நடப்பை மேலே போய்ச் சொல்கிறவர் அடுப்புச் சாமி. அதனால் அவருக்கு வாயில் ஒட்டும் இனிப்பாகப் படைப்பது. அவர் கிளம்பும்வரை சாமி மேடையில் கை வைக்காதே. ஊதுவத்திச் சட்டியை மற்ற நாளில் நகர்த்தவே கூடாது.

மேடைக்குப் புதுத் துணி, தனி வாளி. பம்பளிமாஸ் இலை ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் துடை. முதலில் சாமிகள், பிறகு முன்னோர் பெயர் எழுதிய பலகை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சட்டியில் கை வை. சாம்பலைக் கவிழ்த்துக் கொட்டாதே, கரண்டியால் அள்ளு. எரிந்த குச்சிகளை உருவி எடு. நெருக்கமாக விட்டால் ஒருநாள் மொத்தமாகத் தீப்பிடிக்கும். எத்தனை குச்சியை மிச்சம் வைப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும், அத்தையைக் கேள். சாம்பலை மாவுச் சல்லடையில் சலித்து, விளிம்புக்குக் கீழே நிற்கும்படி தளர்வாகப் போடு. அழுத்தினால் வத்தி இறங்காது. ஈரம் பட்டால் கட்டிதட்டும். குச்சியின் சிவப்புச் சாயம் நனைந்தால் பளிங்கில் ஏறிக்கொள்ளும். பித்தளைச் சட்டி என்றால் வெளிப்புறத்துக்குப் புளியே போதும்.

வீட்டை மேலிருந்து கீழே இறங்கி வா. விட்டத்துக்கு நீளக் கழியின் நுனியில் இலையோடு மூங்கில் கிளையைக் கட்டுவது பழைய முறை. ஓட்டடைக் கம்பும் ஒன்றுதான். விசிறி இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழு, தூசி கட்டிலில் விழாது. கூட்டும்போது வாசலிலிருந்து உள்ளே கூட்டி, பின்கட்டு வழியாக வெளியேற்று. முன்வாசலில் தள்ளினால் வந்த செல்வத்தையும் தள்ளியதாகக் கொள்வார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தெரு நிறைய ஆள் இருக்கும். விளிம்பு உடைந்த கிண்ணங்களை இப்போதே தூக்கிப்போடு. கதவோரத்துப் பழைய சிவப்புத் தாளை நனைத்து உரிக்காதே, சுவர் முழுக்கச் சிவப்பாகும். டேப் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையர் சூட்டைக் காட்டு, இளகிவிடும்.

பிப்ரவரி 16 மாலை, குடும்பமாகச் சாப்பிட உட்காருவதற்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். துடைப்பத்தைக் கண்ணில் படாமல் ஒளித்து வை. மறுநாள், பெருநாளின் முதல் நாளில், கூட்டுவதில்லை, குப்பையை வெளியேற்றுவதில்லை, தலைக்குக் குளிப்பதும் இல்லை. ஏதாவது சிந்தினால் உட்பக்கமாக ஒதுக்கி மூலையில் வை. நம்ம ஊர் வெக்கையில் மீன் முள்ளும் இறால் ஓடும் ராத்திரிக்குள் நாறும். பையில் இறுக்கிக் கட்டி ஃபிரீசரில் வைத்துவிடு.

நாலாம் நாள் சாமிகள் திரும்புவார்கள். கண்டிப்பான வீடுகளில் ஐந்தாம் நாள்தான் குப்பை வெளியே போகும். உங்க வீட்டில் எப்படி என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

அம்மா