கடலுக்கு மேலே நீ பார்த்த வெளிச்சம்

அன்புள்ள மகளே,

நீ பார்த்ததைத் தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுத்துவிடு. போனில் இதைச் சொல்ல வந்தேன். "விடுங்க மாமா, கேப்டனே சிரிச்சிட்டார்" என்று முடித்துவிட்டாய். உன்னைப் போல வாயை மூடிக்கொண்ட மற்ற விமானிகளும் படிக்கட்டும் என்றுதான், நீ சம்மதித்தபடி, உன் பெயரும் கம்பெனியும் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலிக்குப் போகும் வழி. இரவு ஒன்றரை மணி, நிலா இல்லை. நேர் எதிரே, தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளை வெளிச்சம் மெல்லக் கூடி, இரண்டு நிமிடம் போல நின்று, மங்கிப் போனது. பக்கத்தில் வேறு விமானம் வந்தால் காட்டும் டீகாஸ் கருவியின் திரையில் ஒன்றும் காட்டவில்லை.

கேப்டன் வெள்ளிக் கிரகம் என்றாராம். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. அந்தி சாய்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தெரியும், இல்லையென்றால் விடியுமுன் அதே அளவு. ஒன்றரை மணிக்கு நம் வானத்தில் அது கிடையாது. முட்டத்திலோ குளச்சலிலோ கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் விடிவெள்ளி எப்போது எழும் என்று சொல்வார்கள்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களையும் யோசித்தேன். 2019 முதல் அவை ஏறிக்கொண்டே இருக்கின்றன; விமானிகளையும் குழப்புகின்றன. தொடுவானத்துக்குக் கீழே போன சூரியனின் ஒளி அவற்றில் பட்டுத் தெறித்து மின்னும். ஆனால் சூரியன் இருக்கிற திசையில்தான் அது தெரியும். அந்த நேரத்தில் சூரியன் ஏறக்குறைய பூமியின் மறுபக்கத்தில்.

மீன்பிடிப் படகுகளின் விளக்கு என்பதை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. இருட்டில் கடலும் வானமும் ஒன்றாகிவிடும், தொடுவானம் எது என்று கண் ஏமாறும். தள்ளுவதற்கு அந்த வெளிச்சம் எத்தனை பாகை உயரத்தில் நின்றது என்பது தெரிய வேண்டும். அது உன் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. நாளாக ஆக நினைவு மாறும் மக்களே, எல்லோருக்கும் மாறும்.

இடிமேகங்களுக்கு மேலே வெளிச்சம் பாய்வதைப் பார்த்ததாக விமானிகள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். அப்படி ஒன்று நடக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1925இலேயே கணித்திருந்தார். ஆனாலும் பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1989 ஜூலை 6 இரவு, மினசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு ராக்கெட்டில் வைப்பதற்கான கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது தற்செயலாகப் பதிவானது. இன்று அதற்கு ஸ்பிரைட் என்று பெயர். தரையிலிருந்து 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சிவப்பாக, மில்லி விநாடிகளில் தோன்றி மறையும் மின்வெடிப்பு. நீ பார்த்தது அதுவல்ல, இரண்டு நிமிடம் அது நிற்காது. ஆனால் சிரிப்புக்குப் பயந்து எத்தனை விமானிகள் அதைச் சொல்லாமலே ஓய்வு பெற்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உன் பயம் நியாயமானதுதான். 1986 நவம்பரில் அலாஸ்காவுக்கு மேலே விசித்திர வெளிச்சங்களைப் பார்த்ததாகச் சொன்ன ஜப்பானிய விமானி கென்ஜு தெரவுச்சி, பிறகு மேசை வேலைக்கு மாற்றப்பட்டார். ஆனால் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வானில் தெரியும் விளங்காதவற்றை ஆராய நாசா அமைத்த குழுவே 2023இல், கேலிக்குப் பயந்து ஆட்கள் சொல்லாமல் விடுவதால் தகவல் கிடைக்காமல் போகிறது என்று எழுதியது. லடாக் எல்லையில் நம் வீரர்கள் பார்த்த வெளிச்சங்கள் வெள்ளியும் வியாழனும்தான் என்று வானியலாளர்கள் கண்டறிந்ததும், அவர்கள் பார்த்ததைக் குறித்து வைத்ததால்தான்.

அப்போது விமானம் இருந்த இடம், உயரம், வெளிச்சத்தின் திசை, நிறம், நின்ற நேரம் எல்லாம் எழுது. கையை நீட்டி மூடிய முட்டி சுமார் 10 பாகை, அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போடு. என்னவாக இருக்கும் என்பதை எழுதாதே. கேப்டனையும் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேள். அவர் எழுதுவதை நீயும், நீ எழுதியதை அவரும் முதலில் பார்க்கக் கூடாது.

அன்புடன்,
மாமா
நாகர்கோவில்