சிவகங்கை மலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் சனி, ஞாயிறு தவறாமல் ட்ரெக் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்ரீராமபுரத்துக்காரி, வயது ஐம்பத்திரண்டு. சிவகங்கை மலையில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'ட்ரெக்' என்று பணம் கட்டி ஏறியது ஒரே ஒரு முறைதான், போன டிசம்பரில், ஆபீஸ் பிள்ளைகளோடு. எந்தக் குழு கூட்டிப் போனது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்கள் மட்டும் திருந்துவார்கள், மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

சிவகங்கை என்றதும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மருது சகோதரர்களை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. தும்கூர் சாலையில் நெலமங்கலா தாண்டி, தாபஸ்பேட்டையில் இடது பக்கம் திரும்பினால் வரும் கல்மலை. இங்கே இதைத் தட்சிண காசி என்பார்கள். கிழக்கிலிருந்து பார்த்தால் நந்தி, மேற்கிலிருந்து பிள்ளையார், தெற்கிலிருந்து லிங்கம், வடக்கிலிருந்து படமெடுத்த பாம்பு என்று நாலு பக்கத்துக்கும் நாலு உருவம் சொல்வார்கள். எனக்கு இத்தனை வருடத்தில் நந்தி மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது.

சங்கராந்தி அன்று அங்கே கங்காதரேஸ்வரருக்கும் ஹொன்னாதேவிக்கும் கல்யாணம். அன்றைக்கே நமக்குப் பொங்கல் என்பதால் அம்மாவால் ஒரு வருடம்கூடக் கல்யாணத்துக்குப் போக முடிந்ததில்லை. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்று மூட்டையோடு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறுவோம். "கல்யாணத்துக்கு வர முடியலேன்னா ரெண்டு நாள் கழிச்சுப் போய் விசாரிக்கிறதில்லையா, அது மாதிரிதான்" என்பார் அம்மா. கீழே செருப்பை விட்டால் இறங்கி வந்துதான் போடுவார். உச்சிக்குப் போவதும் போகாததும் அன்றைய முழங்காலைப் பொறுத்தது. பாதி வருடங்கள் உச்சியிலிருக்கும் நந்தி சிலை வரை அவர் வந்ததே இல்லை. அதற்காக மலைக்குப் போகவில்லை என்று அவரும் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை.

உங்கள் அட்டவணை இதற்கு நேர் எதிர். விடியற்காலை மூன்றரைக்குக் கொரகுண்டேபாள்யாவில் வண்டி. ஐந்தே முக்காலுக்கு ஏற்றம். ஏழரைக்கு உச்சி. ஒன்பதரைக்குக் கீழே. பத்து மணிக்குத் தட்டு இட்லி. வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பட்டியலில் கோயில் என்ற சொல்லே இல்லை. ஏறும்போது நடை திறக்கவில்லை, சரி. இறங்கி வரும்போது திறந்திருந்தது, உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. "மேடம், பிரேக்ஃபாஸ்ட் லேட் ஆயிடும்" என்றார் எங்கள் லீடர். நல்ல பையன். கையில் முதலுதவிப் பெட்டி வைத்திருந்தான், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்குக் கொடுத்த தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அவன் சொன்னான். அந்தத் தாளை எழுதிய உங்களிடம்தான் எனக்குப் பேச்சு.

கங்காதரேஸ்வரரின் அந்தக் குகைக் கோயிலுக்குள் பக்தர்கள் கொண்டுவரும் நெய்யை அர்ச்சகர் லிங்கத்தின் மேல் வைத்துத் தேய்ப்பார். திரும்பிக் கையில் வாங்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். குளிர்ந்த கல்லில் நெய் உறையாதா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். என் அண்ணன் பிஎஸ்சி முதல் வருடத்திலிருந்து கேட்கிறான். ஆனால் கேட்பதற்காவது உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா? அங்கிருந்து பெங்களூர் கவிபுரத்துக் குகைக் கோயில் வரை சுரங்கம் இருப்பதாகவும் ஒரு பேச்சு உண்டு. ஞாயிறு மாலை தும்கூர் சாலையில் வண்டியோடு நின்றவர்களுக்குத்தான் அந்தச் சுரங்கத்தின் அருமை தெரியும்.

மேலே போனால் ஒளகல் தீர்த்தம். ஒளகல் என்றால் நம் உரல்தான். பாறைக்குள் ஒரு துளை, கீழே சுனை. தோள் வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். தண்ணீர் தட்டுப்பட்டால் புண்ணியம் செய்தவர்கள் என்று ஐதீகம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு சின்னப் பரீட்சை. மாமியார் கைக்கு எட்டி மருமகள் கைக்கு எட்டாவிட்டால் வீடு வரை பேச்சு நடக்கும். நாங்கள் போன அன்று அங்கே ஒரு பாட்டி குனிந்து கையை விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் எங்கள் குழுவில் ஒருவருடைய பையிலிருந்த ஸ்பீக்கரில் ஏதோ அடிதடிப் பாட்டு. லீடர் விசில் ஊதி, "ஃபைவ் மினிட்ஸ், ஃபைவ் மினிட்ஸ்" என்றார். பாட்டி திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். தண்ணீர் தட்டுப்பட்டதா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்கும் மேலே நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. அங்கே படி என்பது பாறையில் கொத்திய பள்ளம்தான். பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. செங்குத்தான இடங்களில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதே கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். யாத்திரை வருகிறவர்களுக்குள் எழுதாத முறை ஒன்று உண்டு: வயசானவர் வந்தால் கம்பியை அவருக்கு விட்டுவிட்டு நாம் பாறைப் பக்கம் ஒண்டிக்கொள்வது. எங்கள் குழுவில் இரண்டு பையன்கள், வாட்சில் நேரம் பார்த்துக்கொண்டே யார் முதலில் நந்தியைத் தொடுவது என்று போட்டி போட்டு ஓடினார்கள். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்த ஒரு அம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்து வழிவிட வேண்டியதாயிற்று. விழவில்லை. பையன்கள் கெட்டவர்கள் இல்லை, இது பந்தய மைதானம் இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாறை விளிம்பில் நின்று லீடர் ராணி சாந்தலாவின் கதையைச் சொன்னார்: ஹொய்சள ராணி, இங்கிருந்து குதித்து உயிரை விட்டாள், அடுத்தது போட்டோ. சாந்தலா விஷ்ணுவர்தனனின் பட்டத்தரசி. அவள் 1131இல் சிவகங்கையில் இறந்தாள் என்பதும், அதைக் கேட்ட தாய் மாசிகப்பே சிரவணபெளகொளாவில் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டாள் என்பதும் கல்வெட்டு வழியாகத் தெரிகிற செய்தி. குதித்தது ஊர் சொல்லும் கதை. விஷ்ணுவர்தனன் சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தவன் என்பதால் நமக்கு அந்தக் குடும்பத்தோடு பழைய கணக்கு வேறு உண்டு. இதை எங்கள் டீமில் இருக்கும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அக்கா, அம்மா கதையை ஏன் யாரும் சொல்றதில்லை?" என்று கேட்டாள். உட்கார்ந்து பேச ஆசைப்பட்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

ஷார்ட்ஸ் போட்டு வருகிறார்கள், சாமி கும்பிடுவதில்லை என்றெல்லாம் புகார் சொல்ல நான் வரவில்லை. கும்பிடாதவர்களும் ஏறட்டும், என் அண்ணன் ஏறுகிறானே. நான் சொல்வது ஒன்றுதான். இந்த மலையில் உச்சி என்பது கடைசி நிறுத்தம், அவ்வளவுதான். கோயில், சுனை, மண்டபம், மூச்சு வாங்க உட்காரும் பாறை எல்லாம் சேர்ந்தால்தான் மலை. நடுவில் இருப்பதை எல்லாம் தாண்டி ஓடத்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு வேறு குன்றுகள் இருக்கின்றன.

2024 ஜனவரியில் கர்நாடகாவின் குமார பர்வத மலையில் கூட்டம் ஆயிரக்கணக்கில் அலைமோதிய படங்கள் வந்த பிறகு, ஆன்லைன் பதிவு இல்லாத மலையேற்றங்களை வனத்துறை நிறுத்திவைத்தது. அப்புறம் ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பு வந்தது. அது காட்டு வழிக்குச் சரி. கோயிலுக்கு வருகிற பாட்டியிடம் போய் டோக்கன் கேட்க முடியாது. அதனால் இங்கே வரம்பை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். சங்கராந்தியிலும் சிவராத்திரியிலும் ட்ரெக் வைக்காதீர்கள். நாற்பது பேரைக் கொண்டுவருவதென்றால் பத்துப் பத்தாகப் பிரித்து ஏற்றுங்கள். ஸ்பீக்கர் வண்டியிலேயே இருக்கட்டும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள், குரங்குகள் பிடுங்கிப் போட்ட உறையை யாரும் திரும்ப எடுப்பதில்லை. வெள்ளியங்கிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வனத்துறை ஸ்டிக்கர் ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலோடு இறங்கினால்தான் திருப்பித் தரும். உங்கள் கட்டணத்திலேயே அப்படி ஒன்றைச் சேர்த்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

முக்கியமாக, ஒன்றரை மணி நேரம் கூடக் கொடுங்கள். இட்லி பதினொன்றரைக்குக் கிடைத்தாலும் இட்லிதான்.

அடுத்த மாதம் உங்களில் ஒரு குழுவோடு போக என் மகன் பெயர் கொடுத்திருக்கிறான். அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். ஒளகல் தீர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. போன முறை பட்டியலில் அதன் பெயரே இல்லை, ஆக முன்னேற்றம்தான். குழுவில் முப்பது பேராம். ஒருவர் கை விட்டு எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும். கணக்கு உங்களுக்கே வரும்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒருத்தி