பெட்டகத்தைத் திறந்துவிட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பொங்கலை ஒட்டி ஜனவரி 16-இல் தொடங்கிய நம் வாசிப்புச் சவால், உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 அன்று நிறைவடைந்தது. மொத்தம் 98 நாள், சரியாக 14 வாரம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 25 பக்கம். ஏழாம் நாள் விட்டுப்போனதைப் படிப்பதற்கு. ஆக 2,100 பக்கம்.

புத்தகத்தை எண்ணாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொன்ன ஓய்வுபெற்ற நூலகர் ஐயாவுக்கு முதல் நன்றி. புத்தகக் கணக்கு என்றால் எல்லாரும் ஒல்லியான புத்தகமாகத் தேடுவார்கள். 800 பக்க நாவலை எடுத்தவர் கடைசியில் நிற்பார். பாக்கி 50 பக்கத்தைத் தாண்ட விடக்கூடாது என்பதும் அவர் யோசனைதான். நாலு நாள் விட்டால் 100 பக்கம் சேர்ந்துவிடும். அந்த மலைப்பில்தான் பலர் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். 50-க்கு மேற்பட்ட பாக்கியைத் தள்ளுபடி செய்து, அன்றைய 25-இலிருந்து தொடரச் சொன்னோம். சிலருக்குப் பக்கம் குறைந்தது. பரவாயில்லை, படிப்பது நிற்கவில்லை.

சனிக்கிழமைதோறும் வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தை, திறந்துவிட்ட வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வது! மாலை நாலரை முதல் ஆறு வரைதான் முற்றத்து வெளிச்சம் படிக்கப் போதும். அதற்குப் பிறகு தூண்களின் நிழலில் சின்ன எழுத்து தெரியாது. நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொடுத்தார்கள். எல்லாரும் புத்தகத்தை மூடிய பிறகே பலகாரத் தட்டு வந்தது. தேன்குழல் எண்ணெய் பட்ட விரல் பழைய தாளில் பதிந்தால் எளிதில் எடுக்க முடியாது என்பது அந்த ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டகத்திலும் பரணிலும் இருந்த பழைய நூல்களை நம்பித் தந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய நூல்கள்தாம் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. அந்த மண்ணில் பழைய தாளின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கையாளும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். தாளில் உள்ள அமிலத்தால் பழுப்பேறிய பக்கம், ஓரத்தை மடித்தால் உடைந்து கையோடு வரும். ஆகவே மடிப்புக்குப் பதில் நூலிழை அடையாளம் வைத்தோம். கிழிசலில் செலோடேப் ஒட்டக்கூடாது. சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் கசிந்து எழுத்தையும் கெடுக்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, முதுகு விட்டுப்போன புத்தகங்களைக் கூலி வாங்காமல் தைத்துத் தந்தவர் பைண்டிங் கடை அண்ணன். மாவுப் பசை என்றால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. அதனால் சிறிது மயில்துத்தம் கலந்து காய்ச்சினார். பரணிலிருந்து வந்த நூல்களை நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டிய பிறகே கையில் கொடுத்தார். வேப்பிலையைப் பச்சையாக வைத்தால் ஈரம் ஏறும் என்று, நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்து வைத்ததும் அவர்தான்.

கண் மங்கிய அப்பத்தாக்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய கல்லூரிப் பிள்ளைகளே, உங்களால்தான் அவர்களும் பதிவேட்டில் இடம்பெற்றார்கள். வாய்விட்டுப் படித்தால் அரை மணி நேரத்தில் 12 பக்கம்தான் நகரும். எனவே அப்படிப் படித்த ஒரு பக்கத்தை இரண்டாக, படித்தவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்தே எழுதினோம். வசனம் வரும் இடத்தில் நிறுத்தி, யார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தீர்கள். அது இல்லாவிட்டால் கேட்பவருக்குக் கதை பிடிபடாது.

மார்ச் மாதத்தில் மூன்று வாரம் பதிவேடு வெறிச்சோடியது. ஒரு பக்கம் பரீட்சை, மறுபக்கம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழா. அப்போது நாவலை ஒதுக்கிவைத்துச் சிறுகதைத் தொகுப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தம்பிகளுக்கு நன்றி. ஒரே அமர்வில் ஒரு கதை முடிந்துவிடுவதால், பால்குடம் எடுத்துத் திரும்பியவர்களும் படுக்கப் போகுமுன் படித்தார்கள்.

இரவல் நூல் இன்னும் கையில் இருப்பவர்கள், உள்ளட்டையில் பென்சிலால் எழுதியுள்ள வீட்டுப் பெயரைப் பார்த்து அந்த வீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். நூலிழை அடையாளத்தை எடுத்துவிட்டு, படுக்கைவாட்டில் வைத்துக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
வாசிப்புக் குழுவினர்,
காரைக்குடி