மலைக்கு மூடிய டப்பா ஒத்துவராது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பெரிய மீன்தொட்டி வைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) மாட்டினால் போதும் என்கிறது கட்டுரை. சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். ஊட்டியில் அப்படிச் செய்து நான் பதினோரு மீன்களைப் பறிகொடுத்தேன்.

என் தொட்டி எட்டடி நீளம், அகலமும் உயரமும் இரண்டரை அடி. சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும். ஹீட்டர் இல்லாமலே வளரும் என்பதால் காமட் தங்கமீன்கள் விட்டிருந்தேன். போன ஆடிக் காற்றில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பி மேல் சாய்ந்து, பதினாறு மணி நேரம் கரண்ட் இல்லை. கேனிஸ்டர் இறுக மூடிய டப்பா. மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதற்குள்தான் குடியிருக்கின்றன. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அவை சாகத் தொடங்கும். நள்ளிரவில் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, அந்த நாறிய தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. விடிந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் என்று இங்கே பலரும் நம்புகிறோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். 15 டிகிரியில் இங்குள்ள தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும், 28 டிகிரியில் சென்னைத் தண்ணீர் பிடித்துவைப்பதும் ஏறக்குறைய ஒன்றே: லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 1907-இல் தொடங்கிய அவலாஞ்சி ட்ரவுட் மீன் பொரிப்பகத்துக்கு ஓடை இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கு மோட்டாரும் ஃபில்டரும்தான் ஓடை.

இப்போது தொட்டிக்குக் கீழே திறந்த சம்ப் வைத்திருக்கிறேன். வாசலில் தோண்டுகிற சம்ப் இல்லை. நான்கடிக் கண்ணாடிப் பெட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் பஞ்சு வழியாகவும் செராமிக் வளையங்கள் வழியாகவும் காற்றில் சிதறி விழுகிறது. மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. கரண்ட் போனாலும் ஈர வளையங்களைக் காற்று தொட்டுக்கொண்டே இருப்பதால் பாக்டீரியா பிழைக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். என் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே 47 லிட்டர். சம்பில் அதற்கு இடம் விடாவிட்டால் வீட்டுத் தரையெல்லாம் தண்ணீர்தான். மோட்டார் வாங்கும்போதும் பெட்டியில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பக் கூடாது. ஐந்தடி மேலே ஏற்றுகையில் ஓட்டம் குறைந்துவிடும். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு நான்கு முறை சுற்ற வேண்டுமென்று 5,600 லிட்டர் மோட்டார் வாங்கினால் போதாது. நான் 8,000 லிட்டர் வாங்கினேன்.

கூடவே, பேட்டரி ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு எப்போதும் தொட்டிக்குள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வருவது மென்மையான தண்ணீர். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதிலிருக்கும் கொஞ்சம் கார்பனேட்டும் தீர்ந்து, அமிலத்தன்மை ஏறிவிடும். சம்பில் ஒரு பை கிளிஞ்சல் போட்ட பிறகுதான் அது நிலைப்பட்டது. குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகுகிறது. மீன் விடுமுன் பாக்டீரியா நிலைபெறக் கட்டுரை சொன்ன ஆறு வாரம் எனக்கு மூன்று மாதம் ஆனது. அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும்வரை காலித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானலிலும் குன்னூரிலும் உங்கள் இதழை நம்பித் தொட்டி வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அடுத்த இதழிலேயே மலைவாசிகளுக்கென ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லவ்டேல், நீலகிரி.