கடைசி மணிக்குப் பிறகு ஓர் அறை: பள்ளி நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பள்ளி விட்டதும் பிள்ளைகளை அழைத்துவந்து, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பார்த்துக்கொள்ளும் சிறிய மாலைக் காப்பகம் ஒன்றை நடத்துகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்றை, நியாயமான வாடகைக்கு, எங்களைப் போன்றவர்களுக்குத் தாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 3 மணிக்கோ 4 மணிக்கோ பள்ளி முடிந்துவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் 6 மணிக்கு முன்னால் கதவு திறப்பதில்லை. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் எங்கள் தொழில். ஆனால் இடத்துக்கு நாள் முழுவதற்கும் வாடகை கட்டுகிறோம். பிள்ளைகள் 20 பேர் வந்தாலும் 8 பேர் வந்தாலும் அந்தத் தொகை குறையாது.

அப்புறம் ஆள் சம்பளம். பெரியவர் ஒருவருக்கு 10 பிள்ளைகள் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 11-வது பிள்ளை சேர்ந்த அன்றே இன்னொருவரை வேலைக்கு வைத்தாக வேண்டும். அந்த ஒரு பிள்ளையின் கட்டணம் அவருடைய சம்பளத்துக்குக் கட்டாது. இன்னும் சில பேர் சேரும்வரை கைப்பணம்தான். விதி இடம் கொடுத்தாலும் ஒற்றை ஆளாக நடத்தக் கூடாது என்பேன். ஒரு குழந்தை விழுந்து அடிபட்டால் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட ஒருவர் வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு இருக்க ஒருவர் வேண்டும். வாடகை கழுத்தை நெரிக்கும்போது காப்பகம் நடத்துபவர் முதலில் கைவைப்பது இந்த இரண்டாவது ஆளின் மீதுதான். அதனால் நான் வாடகையைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பாதுகாப்பு என்றால் எனக்கு அதிக பயம் தருவது சாலை. பள்ளி வாசலிலிருந்து காப்பகம் வரை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வாசலில் ஒரு முறை தலை எண்ண வேண்டும், சாலையைக் கடந்ததும் ஒரு முறை, உள்ளே நுழைந்ததும் ஒரு முறை. ஒரு பிள்ளை விட்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க வகுப்புக்கு ஓடியிருக்கும். இன்னொரு பிள்ளையை எங்களிடம் சொல்லாமலே மாமா வந்து கூட்டிப் போயிருப்பார். பட்டியலில் இருக்கும் பிள்ளை வரிசையில் இல்லாத அந்தச் சில நிமிடங்கள் எந்தப் பெரியவருக்கும் வரக் கூடாது. அறை பள்ளிக்குள்ளேயே இருந்தால் வகுப்பாசிரியர் நேரடியாக எங்கள் கையில் ஒப்படைத்துவிடலாம். சாலையே வேண்டாம்.

பொறுப்பு யாருடையது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதை எழுத்தில் வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒப்படைத்து நாங்கள் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து பிள்ளை எங்கள் பொறுப்பு. பதிவுச் சான்று, எங்கள் பெயரில் இன்சூரன்ஸ், வேலை செய்யும் ஒவ்வொருவரின் பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இருப்பதற்கான சான்று, எந்தப் பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல், ஒவ்வாமை விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்குபவருக்கு, அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், அறை தராதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறையைத் தந்துவிட்டு, அதில் டியூஷன் நடத்தச் சொல்லாதீர்கள். வீட்டுப்பாடம் செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஒரு மேசை இருக்கும், உதவிக்கு ஆளும் இருப்பார். ஆனால் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த 6 வயதுப் பிள்ளைக்கு அப்போது வேண்டியது ஏதாவது சாப்பிடுவது, ஓடுவது, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருப்பது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 18-வது பிரிவு, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவை கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அரசு செய்யும்வரை ஒரு சாவியைக் கொடுப்பது உங்களால் முடியும்.

முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். மேசை நாற்காலி இடம் மாறியிருந்தால், தரை அழுக்காக இருந்தால் மறுநாளே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அறை தர வழியே இல்லை என்றால், சரி, விடுமுறைப் பட்டியலையும் அரை நாள் வேலை நாட்களையும் பருவத் தொடக்கத்திலேயே எங்களுக்கும் அனுப்புங்கள். இன்று மதியத்தோடு பள்ளி முடிகிறது என்று காலை 11 மணிக்குத் தெரிந்தால், அத்தனை பிள்ளைகளுக்கும் ஆள் தேட எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மாலைக் காப்பகம் நடத்தும் ஒருவர்