18 கிரெடிட்டும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டும்

நான் படித்த பொறியியல் கல்லூரியின் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025-இல் ஈ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) முடித்து வெளியே வந்தவள் நான். வழக்கமான பாடங்களோடு கூடுதல் பாடங்களும் படித்து வாங்கும் ஆனர்ஸ் பட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன், ஆனால் என் பட்டத்தில் ஆனர்ஸ் என்ற சொல் இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் எங்களை செமினார் ஹாலில் உட்கார வைத்து, "ஆனர்ஸ் எடுங்கள், ரெஸ்யூமேவில் தனியாகத் தெரியும்" என்றீர்கள். அவ்வளவுதான். கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கூடுதலாக 18 கிரெடிட் வேண்டும். மூன்று கிரெடிட் பாடமாக எடுத்தால் ஆறு. பாடத்துக்கு 45 பீரியட் என்றாலும் மொத்தம் 270. சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்குமான சராசரி, 7.5-க்குக் குறையக் கூடாது. இதெல்லாம் சரி. எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்று இன்னொரு வரி இருக்கிறது. அதை நான் படித்தது அரியர் விழுந்த பிறகு.

டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பாடத்தில்தான் அந்த அரியர். அந்தப் பரீட்சைக்கு முந்தைய வாரம் முழுக்கக் கூடுதல் பாடத்தின் ரெக்கார்டு நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்மித் சார்ட் என்ற வரைபடத்தை வைத்துப் போடும் கணக்கில் மாட்டினேன். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் ஒரே பேப்பரில் ஆனர்ஸ் போனது. ராமானுஜனே 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு அதை இழந்தவர்தானே என்று அப்பா ஆறுதல் சொன்னார். அவர் கணக்கில் புலி, நான் அதிலும் சுமார்தான் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்த செமஸ்டரில் வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) கூடுதல் பாடம் எடுத்த மேம், "உனக்கு இது கணக்கில் வராது, இருந்தாலும் வந்து உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். ஐந்து பேருக்கு ஒரு எஃப்.பி.ஜி.ஏ. போர்டு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே புரோகிராம் எழுதி அமைத்துக்கொள்ளும் சிப் பொருத்திய பலகை. டிராஃபிக் லைட் ஓட வைக்க வேண்டும். எங்கள் போர்டில் பச்சை எரியும், உடனே சிவப்புக்குப் போய்விடும். மஞ்சள் எரியவே எரியாது. மூன்று நாள் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தோம். மஞ்சள் எரியும் நேரத்தை எண்ண வைத்த கவுண்டரில் பெரிய எண் வரை எண்ணப் பிட் போதவில்லை. எரிவது கண்ணுக்குத் தெரியுமுன் அணைந்துவிடுகிறது என்பது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த கேட்டுக்கு நான் நன்றி சொல்லும் ஒரே சந்தர்ப்பம் அது. வேலைக்கான இன்டர்வியூவில் இதையே இருபது நிமிடம் பேசினேன். இப்போது சென்னையில் சிப் சோதிக்கும் வேலை. ஆனர்ஸ் உண்டா என்று எந்த கம்பெனியும் என்னிடம் கேட்கவில்லை. ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் தேறாத பாடம், இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே ரெஸ்யூமேவைக் காட்டி ஆள் சேர்க்காதீர்கள். எம்.இ., எம்.எஸ். என்று மேலே படிக்க நினைப்பவர்களும், ஒரு விஷயத்தில் இறங்கினால் சாப்பாடு மறக்கிறவர்களும் எடுக்கட்டும். அவர்களுக்கு அந்த உழைப்பு வீண் போகாது.

அப்புறம் நேரம். கூடுதல் வகுப்பு நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். காலேஜ் பஸ் நாலு நாற்பதுக்கே கிளம்பிவிடும். தஞ்சாவூரில் பஸ் பிடித்து, கேட் போட்டிருந்தால் அங்கே நின்று, கொரடாச்சேரி போய் இறங்கும்போது எங்கள் ஊர் டவுன் பஸ் போயிருக்கும். அப்பா எக்ஸெல் மொபெட்டில் வந்து காத்திருப்பார். முறைத் தண்ணீர் விடும் ராத்திரிகளில் அவரும் வயலை விட்டு வர முடியாது. முதலில் சேர்ந்தவர்களில் பஸ்ஸில் வரும் பெண்கள் ஐந்து பேர். இரண்டாவது மாதமே இரண்டு பேர் நின்றார்கள். மார்க்கில் அவர்கள் என்னைவிட மேல். ஹாஸ்டல் பிள்ளைகளை வைத்து மட்டும் நேரம் போட்டால் இப்படித்தான் ஆகும். காலை எட்டு மணிக்கு வையுங்கள், வந்துவிடுவோம். படிவத்தின் முதல் வரியிலேயே அந்த 'முதல் முயற்சி' விதியைத் தமிழிலும் அச்சடியுங்கள். கையெழுத்துப் போடும் பெற்றோரும் படிக்க வேண்டும்.

வீடுகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் வெளியிட்ட வரைமுறையில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நாலு வருட ஆனர்ஸுக்கு 160. அதைக் கேள்விப்பட்டு, "இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்டணுமா?" என்று என் சித்தி கேட்கிறார். நம் பொறியியல் ஆனர்ஸில் வருடம் அதிகமாகாது, எட்டு செமஸ்டருக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்று நான்தான் விளக்கினேன். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொல்லியிருக்கலாம்.

சித்தி மகள் இந்த வருடம் உங்களிடம்தான் ஐந்தாம் செமஸ்டர் போகிறாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள், போர்டும் கையுமாக இருப்பவள். ஆனர்ஸ் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறாள், இன்னும் நிரப்பவில்லை. வகுப்பு காலையிலா மாலையிலா என்று நோட்டீஸ் போர்டில் போட்ட அன்றைக்கு நிரப்பிக் கொடுப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி