கிளஸ்டரை ஒரே வார இறுதியில் புரட்டிப் போட வேண்டாம்: கணினி மையக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மையக் குழுவினருக்கு,

வணக்கம். கிளஸ்டரில் (இணைந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்தில்) புதிய 12 நோடுகளை, அதாவது கணினிகளை, சேர்க்கும் அதே சனி, ஞாயிறில் பழைய நோடுகள் அனைத்திலும் இயங்குதளத்தை மாற்றி, தற்காலிகக் கோப்புகளை வைக்கும் ஸ்க்ராட்ச் வட்டையும் அழித்துவிடப் போவதாகத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

மாற்றமே கூடாது என்பதல்ல என் வாதம். பழைய நோடுகளின் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலுள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகத்தின் 2.17-ஆம் பதிப்பை வைத்துக்கொண்டு, 2.28 கேட்கும் பைத்தான் தொகுப்புகளை நிறுவ முடியாமல் நாங்கள் படும் பாடும் தாங்கள் அறிந்ததே. 2032 மே வரை ஆதரவுள்ள ராக்கி லினக்ஸ் 9-ஐப் புதிய இயங்குதளமாகத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுதான்.

மழைவெள்ளமும் கடல் ஓதமும் எண்ணூர் முகத்துவாரத்தில் எதிர்ப்படும்போது கொசஸ்தலை ஆற்று நீர் எவ்வளவு நேரம் தேங்கும் என்று கணக்கிடுவது என் ஆய்வு. நான்கு நோடுகளில் ஆறு நாள் ஓட வேண்டிய ஜாப் (கணக்கீட்டு வேலை) அது. சென்ற மாதம் ஒன்பது நாள் க்யூவில் கிடந்து, விடியற்காலை 3 மணிக்கு அதன் முறை வந்தது. 11 வினாடியில் நின்றுபோனது. அந்த நான்கில் ஒரு நோடில், எவரிடமும் சொல்லாமல், சோதனைக்கென்று புதிய இயங்குதளத்தை ஏற்றியிருக்கிறார்கள். பதிவுக் கோப்பில் இருந்தது, ஒரு நூலகக் கோப்பைக் காணவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே. மறுபடியும் க்யூவின் கடைசியில் போய் நின்றேன். ரேஷன் கடையில்கூட, சரக்கு தீர்ந்தால் வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள்.

ஒரு நோடுக்கே இந்தக் கதி. எல்லா நோடுகளும் மாறினால், எம்பிஐ-யில் (நோடுகள் தமக்குள் தரவைப் பரிமாற உதவும் முறையில்) ஓடும் எங்கள் ஃபோர்ட்ரான் நிரலை முதலிலிருந்து கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி), பழைய விடைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அதை முதலில் கம்பைல் செய்த அக்கா ஆய்வை முடித்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் மிச்சம். இந்த வேலைக்கு இரண்டு நாள் எந்த மூலைக்கு?

ஆகவே, புதிய 12 நோடுகளில் மட்டும் முதலில் ராக்கி 9-ஐ ஏற்றி, அவற்றுக்கெனத் தனி பார்ட்டிஷனும் (ஜாப்களுக்கான பிரிவும்) தனி லாகின் நோடும் (நாங்கள் உள்நுழையும் கணினியும்) தாருங்கள். பழையவை ஒரு மாதமாவது அப்படியே ஓடட்டும். பிறகு நான்கு நான்காக மாற்றுங்கள். ஸ்க்ராட்சில் கடைசியாகக் கை வையுங்கள்.

இன்னொன்று. நோடுக்கு 700 வாட் என்று வைத்தாலும் 12 நோடுகள் 8.4 கிலோவாட் வெப்பத்தைக் கக்கும். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட்டைத்தான் வெளியேற்றும். அதாவது கூடுதலாக இரண்டரை டன் வேண்டும். மே மாத வெயிலில் இப்போதுள்ள சுமைக்கே அந்த அறை திணறுகிறது. திறப்பு விழாக் கருங்கல் பலகைக்கு அளவெடுத்தாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏசிக்கும் யாரேனும் அளவெடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: படிப்படியாக மாற்றுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். தாங்கள் இசைந்தால், முதல் புதிய நோடில் என் ஜாபையே ஓட்டிப் பார்த்து, எது எங்கே உடைகிறது என்று எழுதித் தருகிறேன்.

பணிவுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி